ஆடியது பூமி! விரிசல் யார் வீட்டில்?

 

மலையில் நிலம் ஆடினால் சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் உடனே ஞாபகம் வருவது ஒன்றே ஒன்றுதான்: அணை! அணை என்ன ஆச்சு, தண்ணியை எத்தனை அடிக்கு நிறுத்துவது, யார் மேல் வழக்குப் போடுவது... பேச்செல்லாம் இதுதான். ஆனால் அந்த மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண்சுவர் வீட்டில் படுத்திருக்கிறவன் என்ன ஆனான் என்று எந்த ஆட்சியாளராவது கேட்டதுண்டா? கேட்கவில்லை. அதனால்தான் நாம் கேட்கிறோம்.

2000ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி காலையை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோட்டயம், இடுக்கி எல்லையில் பாலா, ஈராட்டுப்பேட்டைப் பக்கம் பூமி அதிர்ந்தது. அளவு 5. இங்கே கம்பம் பள்ளத்தாக்கிலும் அடுக்கி வைத்த பாத்திரம் உருண்டது, தொழுவத்தில் மாடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தோம். அது அடங்கி 26 நாளில், 2001 ஜனவரி 7ஆம் தேதி மறுபடியும் ஓர் ஆட்டம். அளவு 4.8.

"நம்ம பக்கமெல்லாம் பூகம்பம் வராது" என்று இன்னமும் சொல்கிறவர்கள் உண்டு. 1900ஆம் ஆண்டு கோவைப் பக்கம் 6 அளவில் வந்திருக்கிறது. 1988இல் நெடுங்கண்டம் பக்கம் 4.5 அளவில் வந்தது. 2011 ஜூலையிலும் இடுக்கி மலை ஆடியது. பெரிய பூகம்பம் அல்ல என்பது உண்மை. இந்த அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் நமக்கு வந்தது நடுத்தரமான அதிர்ச்சிதான்.

ஆனால் நடுத்தரம் யாருக்கு? கம்பி போட்டு கான்கிரீட்டில் கட்டிய பங்களாவுக்கு அது நடுத்தரம். கல்லும் மண்ணும் குழைத்து வைத்து மேலே ஓடு போட்டவனுக்கு?

எங்கள் சங்க உறுப்பினர் ஒருவரின் கதையைச் சொல்கிறோம். ஒன்றரை ஏக்கர்க்காரர். 2000 டிசம்பரில் அவர் வீட்டு மேற்குச் சுவரில் கூரையிலிருந்து தரை வரை விரிசல் விட்டது. மனு எழுதி அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். வந்து பார்த்த அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? "சுவர் இடிஞ்சு விழுந்திருந்தா எழுதலாம்யா, விரிசலுக்கெல்லாம் எழுத முடியாது." சரி என்று திரும்பி வந்தோம். அடுத்த ஐப்பசி மழையில் அந்த விரிசல் வழியே தண்ணீர் இறங்கி, ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் விழுந்தது. மறுபடி போனோம். "இது பழைய வீடு, பராமரிப்பு இல்லாம விழுந்திருக்கு" என்று கோப்பை மூடிவிட்டார்கள். விழாதபோது விழவில்லை என்றார்கள், விழுந்தபோது பழசு என்றார்கள்! வட்டிக்கு வாங்கித்தான் அந்தச் சுவரை எடுத்துக் கட்டினார். நடுத்தர பூகம்பம் ஏழை வீட்டுக்குள் நுழைவது இப்படித்தான். அன்றைக்கே கொல்லாது, அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

இது வீட்டின் கதை. எல்லையின் கதையையும் கேளுங்கள்.

2011இல் மலை ஆடியபோது அணை உடையவில்லை. ஆனால் அந்தப் பயத்தை ஊதிப் பெரிதாக்கி, அந்த ஆண்டு நவம்பர், டிசம்பரில் இரண்டு பக்கமும் மனிதர்களை உடைத்தார்கள். கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியே விடியற்காலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய் வந்த நம் பெண்கள் மிரட்டப்பட்டு ஊர் திரும்பினார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் உடைக்கப்பட்டன. காய்கறி லாரி நின்றது, பால் நின்றது. ஆயிரக்கணக்கில் நாம் குமுளி எல்லைக்கு நடந்தோம். 144 தடை போட்டார்கள். கூலி போனது தமிழ்த் தொழிலாளிக்கு. ஏலம் பறிக்க ஆளில்லாமல் நின்றவர்களில் மூன்று ஏக்கர் வைத்திருந்த மலையாள விவசாயியும் உண்டு. நட்டப்பட்ட தலைவன் ஒருவனைக் காட்டுங்கள் பார்ப்போம்!

தண்ணீரைப் பற்றி நம் நிலை தெளிவானது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகமும், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வரையிலான பாசனமும் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இருக்கின்றன. நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு 2012இல் அறிக்கை கொடுத்தது. நில அதிர்ச்சியையும் கணக்கில் எடுத்து, அணை பலமாக இருக்கிறது என்றது. 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு உரிமை தந்தது. அதில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் படுத்திருக்கிற தாய்க்கு வருகிற பயம் பொய்யல்ல. நிலம் ஆடிய ராத்திரியில் உண்மை சொல்ல ஆளில்லாவிட்டால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்தை வதந்தி தின்று வளர்கிறது. எதிரி அந்தத் தாய் அல்ல. கருவியில் பதிவானதை மக்களிடம் சொல்லாமல் வைத்திருக்கிற நிர்வாகமும், அந்த மௌனத்தில் ஓட்டுப் பொறுக்குகிறவர்களும்தான்.

இதைவிடப் பெரிய பாடம் மராட்டியத்தில் இருக்கிறது. 1993 செப்டம்பர் 30ஆம் தேதி விடியுமுன் லாத்தூர், உஸ்மானாபாத் (இப்போது தாராசிவ்) மாவட்டங்களில் பூமி ஆடியது. அதுவும் கர்நாடக எல்லையை ஒட்டிய மானாவாரி விவசாய பூமி. அரசாங்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த பகுதி என்று போட்டிருந்த இடம்! அளவு 6.2. ஏறத்தாழ 8,000 பேர் செத்தார்கள். பலரைக் கொன்றது அவர்கள் வீட்டுச் சுவரேதான். உருண்டைக் கல்லை மண் சாந்தில் அடுக்கிய தடித்த சுவர், அதன் தலையில் கனத்த மண் கூரை. தூக்கத்திலேயே மூடிவிட்டது. நம் பழைய கல் வீடுகளையும், தோட்டத்து லயன் வீடுகளையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. வீடு கட்டும்போது லிண்டல் மட்டத்தில் நான்கு சுவரையும் சுற்றி ஒரே பெல்ட்டாகக் கான்கிரீட் ஓட வேண்டும். மூலைகளைக் கம்பியால் பிணைக்க வேண்டும். கல் சுவரானால், இடையிடையே சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் கல்லை வைக்க வேண்டும். நம் ஊர்க் கொத்தனாருக்கு இது முடியாத வேலையா? சொல்லிக் கொடுக்கவும், செலவில் பங்கு தரவும் அரசாங்கத்துக்கு மனசு வேண்டும், அவ்வளவுதான்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கலெக்டர் தலைமையில் ஓர் ஆணையம் உண்டு. பேரிடர் நிவாரண நிதிப் பட்டியலில் பூகம்பமும் இருக்கிறது. பாதி சேதமான வீட்டுக்கும் அதில் இடமுண்டு. இது பிச்சை அல்ல, உரிமை!

நமது கோரிக்கைகள்:

1. நில அதிர்ச்சி வந்த ஒரு வாரத்துக்குள் வீடு வீடாகக் கணக்கெடு! விரிசலையும் பதிவேட்டில் எழுது!

2. தேனி, இடுக்கி இரு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து, கருவிகளில் பதிவான அளவை அன்றைக்கே தமிழிலும் மலையாளத்திலும் ஊர் ஊராக அறிவி!

3. அரசு வீட்டுத் திட்டங்களில் லிண்டல் பெல்ட்டைக் கட்டாயமாக்கு! அதற்கான கூடுதல் தொகையைக் கொடு!

4. தோட்டத்து லயன் வீடுகளைப் பொறியாளரை வைத்துச் சோதி! ஆபத்தானதை முதலாளி செலவில் மாற்றிக் கட்டு!

5. எல்லையில் பதற்றம் வந்தால், வேலை இழக்கும் கூலித் தொழிலாளிக்கு இரு மாநில அரசும் இழப்பீடு கொடு!

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. சுவரில் விரிசல் கண்டால் பூசி மறைக்காதீர்கள். தேதி தெரிய ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ச்சொல்லை எந்த ஆபீசும் நம்பாது. எங்கள் ஒன்றரை ஏக்கர்க்காரர் தோற்றது கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால்தான். அடுத்த கிராம சபையில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அதன் நகலோடு திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூடுவோம். குடும்பத்தோடு வாங்க!

பூமி ஆடுவதை நம்மால் நிறுத்த முடியாது. அதைச் சாக்கு வைத்து நம்மை ஆட்டுவதை நிறுத்த முடியும்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!