பலூனுக்குப் பயந்தவர்கள்

மொழி விளங்காமலே ஒரு பாட்டை நேசிக்கலாம். விளங்கிய பிறகும் அந்த நேசம் நிலைக்கிறதா என்பதுதான் அந்தப் பாட்டுக்கான பரீட்சை.

ஜேர்மனியின் 'நேனா' இசைக்குழு 1983 ஜனவரியில் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு அண்மையில் அந்தப் பரீட்சையை வைத்துப் பார்த்தோம். ஆல்பத்தின் பெயரும் 'நேனா'தான். எண்பதுகளில் இளைஞர்களாக இருந்த எமக்கு அதில் தெரிந்தது ஒரே பாட்டு, '99 லுஃப்ட்பலொன்ஸ்'. ரெக்கோடிங் பாரில் அடித்துத் தந்த கெசட்டில் அதற்குப் பெயர் கூட இருக்கவில்லை. 'பலூன் பாட்டு' என்றே சொல்வோம். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் அந்தத் தாளம் தொடங்கினால் கால் சும்மா இருக்காது.

இப்போது வரிகளின் பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆல்பம் முழுவதையும் கேட்டோம். பரீட்சையில் பாஸ். அதுவும் நல்ல புள்ளிகளுடன்.

முதலில் அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1982 ஜூனில் மேற்கு பேர்லினில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கச்சேரி. அங்கே பலூன்களைப் பறக்கவிட்டார்கள். நேனா குழுவின் கிட்டார் கலைஞர் கார்லோ கார்கெஸ் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டமாகத் தொலைவில் நகரும்போது அவை ஏதோ விண்கலம் போலத் தெரிந்தன. காற்று அடித்து இவை சுவரைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் போனால் அங்குள்ளவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தார். அந்த யோசனைதான் பாட்டு. குழுவின் கீபோர்ட் கலைஞர் ஃபாரென்க்ரோக் பீட்டர்சன் இசையமைத்தார்.

பாட்டில் வரும் கதை இதுதான். 99 பலூன்கள் வானில் போகின்றன. ஒரு ஜெனரல் விமானங்களை அனுப்புகிறார். பலூன்கள் என்று தெரிந்த பிறகும் விமானிகள் வீரம் காட்டிச் சுடுகிறார்கள். பக்கத்து நாட்டுக்காரன் தன்னைச் சீண்டுவதாக எடுத்துக்கொள்கிறான். யுத்த மந்திரிமார் 99 பேர் தீப்பெட்டியும் பெற்றோல் கேனுமாக வந்து நிற்கிறார்கள். 99 வருட யுத்தம். வென்றவன் எவனும் இல்லை. கடைசியில் இடிபாடுகளுக்கிடையில் நடக்கும் ஒருத்தி ஒரு பலூனைக் கண்டெடுத்து, தன் அன்புக்குரியவரை நினைத்துப் பறக்கவிடுகிறாள்.

இசையும் இதே கதையைத்தான் சொல்கிறது. தொடக்கத்தில் குரல் மெதுவாக வருகிறது. பிறகு பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் பாய்கின்றன. நாம் துள்ளி ஆடிய பகுதிதான் யுத்தம் நடக்கும் பகுதி! முடிவில் எல்லாம் அடங்கி மீண்டும் அந்தத் தனிக்குரல் மட்டும்.

இது வெறும் கற்பனை என்று சொல்ல முடியாது. அன்றைய மேற்கு ஜேர்மனியை நினைத்துப் பாருங்கள். அங்கு பெர்ஷிங் 2 ஏவுகணைகளை நிறுத்த 1979 டிசம்பரில் நேட்டோ முடிவெடுத்தது. அதை எதிர்த்து 1983 ஒக்டோபரில் பொன் நகரில் இலட்சக்கணக்கானோர் திரண்டார்கள். ஆனாலும் நவம்பர் 22ஆம் திகதி நாடாளுமன்றம் அனுமதி கொடுத்துவிட்டது. (1983 என்றதும் இலங்கையில் எமக்கு வேறு நினைவுகள் வரும். அது வேறு கதை, இங்கே கலக்கவில்லை.)

ஆல்பம் வந்து எட்டு மாதங்களில், 1983 செப்டெம்பர் 26ஆம் திகதி, ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக ஒரு சோவியத் எச்சரிக்கை நிலையத்தின் கணினி காட்டியது. கடமையில் இருந்த அதிகாரி ஸ்தானிஸ்லவ் பெத்ரோவ் அதை நம்பவில்லை. பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்கு அறிவித்தார். மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத்தான் செய்மதி ஏவுகணை என்று எடுத்திருந்தது. பாட்டில் வரும் ஜெனரலிடம் இல்லாத நிதானம் அந்த மனிதரிடம் இருந்தது.

ஆங்கிலப் பதிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். '99 ரெட் பலூன்ஸ்' 1984 இல் பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தது. ஆனால் அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது ஜேர்மன் மூலம்தான். ஆங்கிலத்தில் பலூனுக்குச் சிவப்பு நிறம் வந்தது, பொம்மைக் கடை வந்தது. பெற்றோல் கேனும் யுத்த மந்திரிமாரும் காணாமல் போய், கூடிப் பேசும் வெறும் மந்திரிமார் மிஞ்சினார்கள். குழுவினரே அந்த வரிகளில் திருப்தியில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எமது கருத்தும் அதுவே. கசப்பு மருந்தில் சீனியைக் கொட்டிய மாதிரி.

"பலூன் பாட்டை விட்டால் மற்றதெல்லாம் சிறுபிள்ளைத்தனம்" என்று சிலர் இந்த ஆல்பத்தை ஒதுக்குவார்கள். இங்குதான் நாம் முரண்படுகிறோம். மற்றப் பாட்டுகள் எதைப் பற்றி? சினிமா பார்ப்பது. முழுநிலா. இன்றைக்குக் கட்டிலை விட்டு எழும்ப மாட்டேன் என்று அடம்பிடிப்பது. அன்புக்குரியவருடன் வெளிச்சவீட்டுக்குப் போவது. 'எரிமலை மேல் நடனம்' என்று ஒரு பாட்டின் பெயர். ஆபத்து காலடியில் இருக்கும்போது கூத்தடிப்பதை ஜேர்மன்காரர் அப்படித்தான் சொல்வார்கள்.

யுத்தம் வந்தால் முதலில் பறிபோவது இவைதானே? சினிமாவும், நித்திரையும், நிலாவும், வெளிச்சவீடும். யுத்தம் எதை அழிக்கும் என்று தனியாக ஒரு பாட்டு எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. மற்றப் பாட்டுகளே அந்தப் பட்டியல். அதனால்தான் இதை ஒற்றைப் பாட்டாக அல்ல, ஆல்பமாகக் கேட்க வேண்டும் என்கிறோம்.

பழைய கதை என்று நினைத்தால், 2023 பெப்ரவரியைப் பாருங்கள். ஒரு சீன பலூனை அமெரிக்கா சுட்டு வீழ்த்தியது. அடுத்த சில நாட்களில் அலாஸ்கா, கனடாவின் யூகோன், ஹூரோன் ஏரி ஆகிய இடங்களின் மேல் பறந்த இன்னும் மூன்று பொருட்களையும் போர் விமானங்கள் ஏவுகணை வீசி வீழ்த்தின. அவை பெரும்பாலும் தனியார் நிறுவனங்களினதோ, பொழுதுபோக்குக்காரர்களினதோ, ஆய்வு நிறுவனங்களினதோ பலூன்களாக இருக்கலாம் என்று பின்னர் ஜனாதிபதி பைடனே சொன்னார். நல்லவேளை, பக்கத்து நாட்டுக்காரன் எவனும் சீண்டலாக எடுக்கவில்லை.

பெர்ஷிங் ஏவுகணைகளை அகற்றிய 1987 ஒப்பந்தம் 2019 இல் முடிவுக்கு வந்துவிட்டது. ஜேர்மனியில் மீண்டும் நீண்டதூர ஏவுகணைகளை நிறுத்தும் திட்டம் 2024 இல் அறிவிக்கப்பட்டது. கார்லோ கார்கெஸ் 2002 இலேயே காலமாகிவிட்டார். அவருடைய கேள்வி மட்டும் இன்னும் வானில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டுங்கள். முதலில் ஜேர்மன் மொழியிலேயே, பொருள் சொல்லாமல். ஆடட்டும். பிறகு கதையைச் சொல்லிவிட்டு மறுபடி போடுங்கள். இரண்டாவது முறை அவர்கள் எந்த இடத்தில் ஆடுவதை நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். வரலாற்றுப் பாடத்தை அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.