பெயரில்லாத மரணங்களும் பெயர் சொல்லும் கதைகளும்

மாதந்தோறும் வாசித்து முடித்த நூல்களைப் பற்றிச் சில குறிப்புகளை எழுதிவைப்பது எனது நெடுநாள் வழக்கம். பத்திரிகைத் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவனுக்குப் பேனாவைத் தொடாமல் வாசிப்பது கைவராத காரியம். கடந்த மாதக் குறிப்புகளைப் புரட்டியபோது நான்கு நூல்கள் இருந்தன. இரண்டு பரபரப்பு நாவல்கள். மற்றைய இரண்டும் பதின்ம வயதினருக்கென எழுதப்பட்ட கற்பனைக் கதைகள்.

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வாசிக்க வேண்டியவையா இவை என்று நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் நாம் படித்த காலத்தில் எமக்குக் கற்பிக்கப்பட்ட இலக்கிய வரிசையில் இவ்விரு வகைகளுக்கும் இடமிருக்கவில்லை. ஒன்று பிரயாணத்தில் பொழுதைப் போக்குவதற்கானது, மற்றையது பிள்ளைகளுக்கானது என்பதே அன்றைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. அது நியாயமற்றது என்பது என் கருத்து. ஏனெனில், மரணத்தைப் பற்றி எழுதுவது எப்படி என்ற கேள்விக்கு, நான் அறிந்த எந்தப் பத்திரிகையியல் பாடத்தையும் விட இந்த நான்கு நூல்களும் தெளிவான விடைகளைத் தருகின்றன.

முதலாவது, பிரெடெரிக் போர்சித் எழுதிய 'த டே ஒஃப் த ஜக்கல்'. 2025 ஜூன் மாதத்தில் அவர் காலமான பின்னர் மீண்டும் வாசிக்க எடுத்துவைத்திருந்த நூல். போர்சித்தும் ஒரு பத்திரிகையாளர். ரொய்ட்டர் நிறுவனத்தின் பாரிஸ் நிருபராக ஜனாதிபதி டி கோல் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்தவர். பின்னர் நைஜீரியாவின் பயாப்ரா யுத்தத்தைக் களத்தில் நின்று எழுதியவர். கையில் தொழிலும் பணமும் இல்லாமல் நாடு திரும்பி, 1970 ஜனவரியில் தொடங்கி 35 நாட்களில் இந்த நாவலைத் தட்டச்சில் எழுதி முடித்தார். பதிப்பாளர்கள் பலர் இதனை ஏற்க மறுத்தனர். டி கோல் கொலை செய்யப்படவில்லை என்பது உலகத்துக்கே தெரியும். அப்படியிருக்க, அவரைக் கொல்ல வரும் ஒருவனின் கதையில் என்ன பரபரப்பு இருக்க முடியும் என்பது அவர்களின் ஐயம். 1971இல் நூல் வெளிவந்தபோது வாசகர்கள் அந்த ஐயத்தைப் பொய்யாக்கினர்.

முடிவு தெரிந்த கதையை மூச்சுவிடாமல் வாசிக்க வைப்பது எது? 'எப்படி' என்ற ஒரே கேள்விதான். துப்பாக்கியை எப்படிச் செய்விப்பது, எல்லையை எப்படிக் கடப்பது, பொய்யான கடவுச்சீட்டை எப்படிப் பெறுவது என்ற வேலைமுறைகளே இந்த நாவலின் உயிர். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெயைக் கஞ்சத்தனமாகச் செலவிட்டு எரித்த ஜாம் போத்தல் விளக்கின் முன்னால் இதனை நான் முதன்முதலில் வாசித்தேன். வானத்தில் குண்டு விமானம் சுற்றும் ஊரில் இருந்துகொண்டு ஒரு கொலைத் திட்டத்தைப் பற்றி வாசிப்பதில் என்ன ஆறுதல் என்று நீங்கள் கேட்கலாம். ஆறுதல் இருந்தது. அந்த நாவலில் நிகழும் ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு காரணமும் ஒரு திட்டமும் உண்டு. வெளியே நிகழ்ந்தவற்றுக்கு அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

எனினும், இம்முறை வாசித்தபோது என்னைத் தடுத்து நிறுத்தியது கடவுச்சீட்டு பற்றிய பகுதி. கொலையாளி ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்கிறான். சிறுவயதிலேயே இறந்துபோன ஒரு குழந்தையின் பெயரைக் கல்லறைக் கல்லிலிருந்து எடுத்துக்கொள்கிறான். அக்குழந்தையின் பிறப்புச் சான்றிதழைப் பெற்று, அதனைக் காட்டிக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கிறான். வாசகர் அவனது கெட்டித்தனத்தை வியந்தபடி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். அக்குழந்தை அந்தக் கதையில் ஒரு படிவம் மட்டுமே.

இது கதையோடு நின்றுவிடவில்லை என்பதை 2013இல் பிரித்தானியப் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. அரசியல் செயற்பாட்டுக் குழுக்களுக்குள் மறைமுகமாக நுழைக்கப்பட்ட லண்டன் பொலிஸார் பலர், இறந்த குழந்தைகளின் பெயர்களைப் பல ஆண்டுகளாகத் தமது பொய் அடையாளங்களாகப் பயன்படுத்தி வந்திருந்தனர். பெற்றோருக்கு இது பற்றி எதுவும் அறிவிக்கப்படவில்லை. பொலிஸாருக்குள் இந்த முறைக்கு வழங்கிய பெயரே இந்த நாவலின் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்டதுதான். கதையில் படிவமாக இருந்த குழந்தைக்கு, நிஜ வாழ்க்கையில் தாயும் தகப்பனும் இருந்தனர். மண்ணில் புதைத்த பிள்ளையின் பெயரை யாரோ ஒருவர் அணிந்துகொண்டு திரிந்தார் என்பதைக் கேட்க நேர்ந்த அந்தப் பெற்றோரின் நிலையைக் கற்பனை செய்ய எந்தப் பரபரப்பு நாவலும் எமக்கு உதவுவதில்லை.

விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த என் பெறாமகள் இந்த நூலை என் மேசையிலிருந்து எடுத்து இரண்டு நாட்களில் முடித்துவிட்டாள். வயது பதினான்கு. எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குது பெரியப்பா. ஆனா இதில ஆக்கள் செத்தாப் பிறகு ஒருத்தரும் அழுறேல்லையே, ஏன்?" என்றாள்.

இதனை விடக் கூர்மையான விமர்சனத்தை நான் வாசித்ததில்லை. பொய் ஆவணங்கள் செய்து கொடுத்தவன், அடைக்கலம் தந்த சீமாட்டி, பாரிஸில் கடைசி இரவுகளில் இடம் கொடுத்தவன் என்று வழி நெடுகிலும் ஆட்கள் கொல்லப்படுகின்றனர். கதைக்கு அவர்கள் இடையூறாகிவிட்டதால் அகற்றப்பட்டனர், அவ்வளவுதான். அவளது கேள்வி நாவலுக்கு மட்டுமல்ல, என் தொழிலுக்கும் பொருந்தும் என்பதே என்னை உறுத்தியது. யுத்த காலத்தில் நாம் எழுதிய செய்திகளும் இதே வடிவில்தான் இருந்தன. எண்ணிக்கை தலைப்பில் வரும். இடமும் நேரமும் முதற்பந்தியில் வரும். பெயர்கள் மறுநாள் வரும், அல்லது வராமலே போகும். அழுகைக்குப் பத்தியில் இடமிருக்காது. செய்தியின் இலக்கணம் அப்படி. பரபரப்பு நாவலின் இலக்கணமும் அதுவே.

ஆனால், இதனைக் கொண்டு பரபரப்பு நாவல் முழுவதையும் நிராகரித்துவிடக் கூடாது. நான் வாசித்த இரண்டாவது நூல் அதற்குச் சாட்சி. ஜோன் லெ கரே 1963இல் வெளியிட்ட 'த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்', அவரே மேற்கு ஜேர்மனியில் பிரித்தானியப் புலனாய்வுத்துறையில் கடமையாற்றிக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது. பேர்லின் சுவர் எழுப்பப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இதிலும் திட்டம் உண்டு, சூழ்ச்சி உண்டு, ஏமாற்று உண்டு. ஆனால் முடிவில், அந்தச் சூழ்ச்சிக்குள் எதுவும் அறியாமல் இழுத்துவரப்பட்ட ஒரு பெண் சுவரின் அடியில் சுட்டுக் கொல்லப்படுகிறாள். கதாநாயகன் சுவரின் உச்சியில் இருக்கிறான். அந்தப் பக்கம் குதித்தால் உயிர் தப்பலாம். அவனை அழைக்கும் குரலும் கேட்கிறது. அவன் குதிக்கவில்லை. அவள் கிடந்த பக்கமாகத் திரும்ப இறங்கி வந்து சாகிறான்.

ஓர் உளவாளி செய்யக்கூடாத காரியம் அது. வெற்றி பெற்ற ஒரு நடவடிக்கையின் கணக்குப் புத்தகத்தில் அவளுக்கு இடமில்லை; அவன் இறங்கி வருவதன் மூலம் அவளைக் கணக்கில் சேர்க்கிறான். என் பெறாமகளின் கேள்விக்கு இந்த நூல் விடை சொல்கிறது. ஆகவே, எல்லைக்கோடு பரபரப்பு நாவலுக்கும் 'உயர்ந்த' நாவலுக்கும் இடையில் இல்லை. ஒரு மரணத்துக்குரிய விலையைக் கொடுக்கும் நூலுக்கும், கொடுக்காமல் நழுவும் நூலுக்கும் இடையிலேயே அது இருக்கிறது.

மூன்றாவது நூல் அர்சுலா லே குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஒஃப் எர்த்ஸீ'. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு நூல் எழுதித் தரும்படி ஒரு பதிப்பாளர் கேட்டதன் விளைவு அது. தீவுகளால் ஆன ஓர் உலகம். அதில் மந்திரம் கற்க வரும் ஆட்டிடையச் சிறுவன் ஒருவன். அவனும் அவனது மக்களும் மண்ணிறத் தோலினர். அக்காலத்து மேற்கத்தைய மாயக்கதைகளில் அது அரிதான விடயம். ஆயுதந்தாங்கிய படையினர் ஊருக்குள் இறங்கும்போது, அந்தச் சிறுவன் தனக்குத் தெரிந்த அரைகுறை மந்திரத்தால் பனிமூட்டத்தை வரவழைத்து ஊரைக் காப்பாற்றும் தொடக்கப் பகுதியை எம்மவர் எவரும் வெறும் கற்பனையாக வாசிக்க முடியாது.

இந்த நூலின் மையம் பெயர்தான். அவ்வுலகில் ஒவ்வொருவருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதனை அறிந்தவர் அவர்மீது அதிகாரம் கொள்வார். ஆகவே, உண்மைப் பெயரை ஒருவருக்குச் சொல்வது உயிரை அவர் கையில் கொடுப்பதற்குச் சமம். நண்பன் ஒருவன் தன் உண்மைப் பெயரைச் சிறுவனுக்குச் சொல்லும் இடம், நட்பைப் பற்றி நான் வாசித்த மிக நல்ல பக்கங்களில் ஒன்று. அகந்தையால் இறந்தவர்களின் உலகைத் திறந்துவிட்ட அந்தச் சிறுவனை ஒரு நிழல் துரத்துகிறது. ஓடி ஓடிக் களைத்தவன் இறுதியில் திரும்பி நின்று, அதனைத் தன் சொந்தப் பெயரால் அழைக்கிறான். தான் செய்ததைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளும் துணிவு அது. கல்லறையில் பெயர் திருடும் கொலையாளியின் கதையை முடித்த கையோடு இதனை வாசித்தவனுக்கு, எது பிள்ளைகளுக்கான நூல், எது பெரியவர்களுக்கான நூல் என்பதில் ஐயம் ஏற்படுவது இயல்பே.

நான்காவது, சுசான் கொலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் மூன்றாம் நூலான 'மொக்கிங்ஜே'. 2010இல் வெளிவந்தது. இதில் ஒரு குண்டு இரண்டு கட்டங்களாக வெடிக்கிறது. முதலில் வெடித்ததும் காயப்பட்ட பிள்ளைகளைத் தூக்குவதற்கு மருத்துவ உதவியாளர்கள் ஓடிவருகின்றனர். அப்போது அடுத்தது வெடிக்கிறது. கதாநாயகியின் தங்கை அதில் இறக்கிறாள். அந்தக் குண்டு எதிரியினுடையதா, தன் பக்கத்தாருடையதா என்ற கேள்வியை ஆசிரியர் மூடி மறைக்கவில்லை. தன் பக்கமும் கொலை செய்யக்கூடும் என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். பின்னர், உயிர் தப்பியவர்கள் சேர்ந்து இறந்தவர்களைப் பற்றி ஒரு நினைவுப் புத்தகம் எழுதத் தொடங்குகின்றனர். எண்ணிக்கை அல்ல, ஒவ்வொருவரின் பெயர், முகம், மறக்கக் கூடாத சிறு சிறு விடயங்கள்.

பிள்ளைகளுக்கு மரணத்தை இத்தனை அப்பட்டமாகக் காட்டலாமா என்று ஆட்சேபிப்பவர்கள் உள்ளனர். அந்த ஆட்சேபத்தில் அன்பு இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எமது பிள்ளைகளுக்கு மரணம் புதிய செய்தி அல்ல. வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் தொங்குகிறது. அதில் இருப்பவரைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றுகின்றனர். பிள்ளைகளுக்கு இல்லாதது மரணம் பற்றிய அறிவு அல்ல. அதனைப் பேசுவதற்கான மொழி.

இங்கேதான் எனது ஆதங்கம் தொடங்குகிறது. தமிழில் பரபரப்பு நாவலுக்குப் பஞ்சமில்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்து சுஜாதா, ராஜேஷ்குமார் வரை ஒரு நூற்றாண்டு மரபு எமக்கு உண்டு. சிறுவர்களுக்கு 'அம்புலிமாமா'வும் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியும் இருந்தனர். ஆனால் அம்புலிமாமாவை விட்ட பிள்ளை அடுத்து எதை எடுப்பது? எமது தலைமுறை நேராகப் 'பொன்னியின் செல்வ'னுக்குத் தாவியது. வந்தியத்தேவனின் குதிரைதான் எம்மை அந்த இடைவெளியைக் கடக்க வைத்தது. இன்றைய பிள்ளைகள் அங்கேயே ஆங்கிலத்துக்கோ, பிரெஞ்சுக்கோ, நோர்வேஜிய மொழிக்கோ கடந்துவிடுகின்றனர். பின்னர் திரும்பி வருவதில்லை. தமிழ் அவர்களுக்குக் குழந்தைப் பருவத்தின் மொழியாகவே நின்றுவிடுகிறது.

2009 மே மாதத்துக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகள் இப்போது பதின்ம வயதினர். நடந்தவற்றைப் பற்றி அவர்களுக்குக் கிடைப்பவை மூன்றுதான்: மேடை முழக்கம், மனித உரிமை அறிக்கை, வீட்டு மௌனம். இம்மூன்றில் எதுவும் பதினான்கு வயதுப் பிள்ளைக்காக எழுதப்பட்டதல்ல. எமது எழுத்தாளர்கள் யுத்தத்தைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். அவற்றுள் சிறந்தவை உண்டு. அவை பெரியவர்கள் பெரியவர்களுக்குச் சொன்ன சாட்சியங்கள். ஒரு தீவு, ஒரு சிறுவன், ஒரு பனிமூட்டம் என்று தொடங்கும் கதையால் சொல்லக்கூடியவற்றை அறிக்கைகளால் சொல்ல முடியாது. தன் பக்கத்தின் தவறை ஒரு பிள்ளையிடம் சொல்லும் வழியும் அத்தகைய கதைக்கே எளிதில் கைகூடும்.

இது எழுத்தாளர்களின் பொறுப்பு மட்டுமல்ல. புலம்பெயர் நாடுகளின் தமிழ்ப் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் பதின்ம வயதுப் பிள்ளைகளின் கையில் நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதை ஏற்பாட்டாளர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். பதிப்பகங்கள் 'சிறுவர்', 'பெரியோர்' என்ற இரண்டு அலுமாரிகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்றை வைக்கட்டும். அதில் முதலில் வைக்கக்கூடிய நூல் எது என்று தெரிந்த வாசகர்கள் எழுதினால், அடுத்த மாதக் குறிப்பை அந்த நூலோடு தொடங்குவேன்.