வீடு கொடையன்று, உழைப்பின் சேமிப்பு

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்” என்பது முன்னோர் மொழி. சிங்கப்பூரில் வீட்டைக் கட்டிப்பார்க்கும் தொல்லை குடிமகனுக்கு இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே கட்டித் தருகிறது. இதனாற்போலும், “அரசாங்கம் வீடு கொடுத்தது” என்னும் தொடர் மாணவர் கட்டுரைகளிலெல்லாம் வேரூன்றிவிட்டது. அஃது அரை உண்மை. அரை உண்மையை முழு உண்மையாகக் கற்பித்தல் ஆசிரியப் பணியாகாது.

கழகத்தின் அருஞ்செயலை யாரும் மறுக்கவியலாது. 1961இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் வீடிழந்த ஏறத்தாழ 16,000 பேருக்கு அது விரைந்து கூரை தந்தது. ஆயினும், அப்பெரும்பணிக்குரிய செல்வம் வானத்திலிருந்து பொழிந்ததா?

நிலத்தை நோக்குவோம். 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் தனியார் நிலத்தைக் குறைந்த ஈட்டுத் தொகைக்கு அரசின் கையில் சேர்த்தது. கம்பத்து மக்கள் தம் வாழ்முறையையே விட்டுப் பெயர்ந்தனர். இனிப் பணத்தை நோக்குவோம். 1955இல் முதுமைக்கென எழுந்த மத்திய சேம நிதியை வீடு வாங்கவும் பயன்படுத்தலாமென 1968இல் இசைவளிக்கப்பட்டது. அரசு கழகத்துக்குக் கடன் தருகிறது. கழகம் வாங்குவோருக்குக் கடன் தருகிறது. தொழிலாளி தன் சேம நிதியிலிருந்து அதனை அடைக்கிறான். அக்கடனுக்குரிய வட்டி, சேம நிதிச் சாதாரணக் கணக்கின் வட்டியினும் 0.1 விழுக்காடு கூடுதல். கழகத்தின் ஆண்டுப் பற்றாக்குறையை அரசு மானியம் ஈடுசெய்வது மெய்தான்; அம்மானியமும் பொதுமக்களின் பணமே.

இவ்வாறிருக்க, பழைய பேட்டைகளைப் புதுப்பிப்பது எங்ஙனம் சலுகையாகும்? 1997ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது, ஆளுங்கட்சியை ஆதரிக்கும் வட்டாரங்களுக்கே மேம்பாட்டில் முன்னுரிமை என்று கூறப்பட்டது. மின்தூக்கி நில்லாத மாடியில் வாழும் மூதாட்டியின் முழங்கால் கட்சி பார்த்தா வலிக்கிறது?

இன்று இதனினும் பெரிய வினா எழுந்துள்ளது. இவ்வீடுகளின் குத்தகை 99 ஆண்டுகளே. 1995இல் தொடங்கிய ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டம், 2017 வரையில் நூற்றுக்கு நான்கு வீடுகளையே தொட்டிருந்தது. எழுபதாண்டு கடந்த பேட்டைகளுக்கென 2018இல் வேறொரு திட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஈட்டுத்தொகை முன்னையதினும் குறைவாகவே இருக்குமெனவும் கூறப்பட்டது. “குத்தகை முடிந்தால் கடமையும் முடிந்தது” என்பாருமுளர். ஒப்பந்தத்தின் எழுத்து அவர்பக்கமே. ஆனால், “இது உன் சொத்து” என்று பன்முறை ஊக்கித்தானே முதுமைக்குரிய பணத்தைச் சுவருக்குள் வைக்கச் செய்தோம்?

“புதுப்பிக்கப் பணம் எங்கே?” என்று கேட்பர். விடை காலடியிலேயே இருக்கிறது. குத்தகை முடிவில் நிலம் அரசுக்கே மீள்கிறது. பன்மாடி உயர்த்திக் கட்டினால் அதன் மதிப்புப் பெருகும். அம்மதிப்பில் ஒரு பங்கை முன்னதாகவே ஆண்டுதோறும் ஒதுக்கிப் புதுப்பிப்பு நிதியாக்குக! கட்டடத்தின் அகவையும் குடியிருப்போர் தேவையுமே வரிசையைத் தீர்மானிக்கட்டும். வாக்குச்சீட்டு தீர்மானிக்க வேண்டா.

ஆசிரியப் பெருமக்களே, வீட்டைப்பற்றி மாணவர் கட்டுரை எழுதும்போது நன்றியுரையோடு நிறுத்திவிடாதீர்கள். தம் பெற்றோரின் சேம நிதிக் கணக்கை ஒருமுறை கேட்டறிந்து வரச் சொல்லுங்கள். தமக்குரியது இன்னதென்று அறிந்தவனே அதனைத் தலைநிமிர்ந்து கேட்பான்.