ஸ்திரீகளின் பாரமும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் அழகு சாஸ்திரமும்

ஆத்தூர்த் தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். அவருடைய தங்கை தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை செய்கின்றவர். பருவம் வந்த நாள் முதல் அந்தப் பெண்ணுக்கு மார்பு, உடல் தாங்கக் கூடிய அளவுக்கு மிஞ்சி வளர்ந்து விட்டது. கழுத்திலும் தோளிலும் முதுகிலும் ஓயாத வலி. உள்ளாடையின் பட்டை அழுந்தி அழுந்தித் தோளில் பள்ளம் விழுந்திருக்கின்றது. வேர்வை தங்கி மார்பின் அடியில் புண் ஆறுவதே இல்லை. டாக்டர் பார்த்து, ஆபரேஷன் செய்து மார்பின் கனத்தைக் குறைத்தால் தீரும் என்றார். வீட்டுப் பெரியவர்களோ, “கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாய்ப் போகும்” என்றார்கள். பாட்டி திருச்செந்தூருக்குக் காசு முடிந்து வைத்தாள். தோழர் வருஷம் தவறாமல் பணம் கட்டிவந்த இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினார். “இது அழகுக்காகச் செய்து கொள்ளும் சிகிச்சை, பணம் கிடையாது” என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

“இதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாமா? அசிங்கம் என்பார்களே” என்றும் தோழர் கேட்டிருக்கின்றார். தாராளமாக எழுதலாம் என்றே சொல்லுகின்றோம்.

எது அசிங்கம்? கோவில் தூண் தூணாக ஸ்திரீகளின் மார்பைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கின்றார்கள். புராணப் பிரசங்கி மணிக்கணக்காக அம்பாளின் ஸ்தனத்தை வர்ணிக்கின்றார். குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கின்றார்கள். அப்போதெல்லாம் வராத வெட்கம், ஒரு பெண் “எனக்கு வலிக்கின்றது” என்று வாய் திறந்தவுடன் எங்கிருந்தோ வந்து விடுகின்றது. ஆண் வர்ணித்தால் பக்தி, பெண் வலியைச் சொன்னால் அசிங்கம்! இதுதான் நமது நாட்டு மானத்தின் யோக்கியதை.

கல்யாணம் ஆனால் சரியாகும் என்கின்ற வைத்தியத்துக்கும் புராணத்தில் ஆதாரம் இருக்கின்றது. மதுரையில் தடாதகை என்கின்ற ராஜகுமாரி மூன்று ஸ்தனங்களோடு பிறந்தாளாம். மாப்பிள்ளையாகிய சிவனைக் கண்டவுடன் ஒன்று மறைந்து போயிற்றாம். திருவிளையாடல் புராணத்து டாக்டருக்கு மயக்க மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். மாப்பிள்ளை எதிரில் வந்து நின்றால் போதும்! ஆனால் ஆத்தூரிலும் ஆறுமுகநேரியிலும் எத்தனையோ பெண்கள் மாப்பிள்ளையைக் கண்டு, பிள்ளையும் பெற்றிருக்கின்றார்கள். யாருக்காவது பாரம் மறைந்ததா? கர்ப்ப காலத்தில் மார்பு இன்னும் பெருக்கும் என்பதுதான் எந்தத் தாய்க்கும் தெரிந்த சங்கதி.

நமது ஜில்லாவுக்கு மேற்கே இருந்த திருவிதாங்கூரின் கதையையும் நினைத்துப் பாருங்கள். அங்கே நாடார் ஸ்திரீகள் மார்பை மூடுவதற்கே ஜாதியின் பேரால் தடை இருந்தது. அடிபட்டும், சேலை கிழிக்கப்பட்டும் அவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகுதான் 1859-ல் மகாராஜா இறங்கி வந்து உத்தரவு போட்டார். அன்று “மூடாதே” என்றவர்களும், இன்று “பேசாதே” என்பவர்களும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. பெண்ணின் உடல் பெண்ணுக்குச் சொந்தமல்ல என்பதுதான் இருவருக்கும் வேதம்.

நிற்க, இந்த வியாதியின் உண்மை என்ன? இது பாவமும் அல்ல, கண்ணேறும் அல்ல. பருவ காலத்தில் சுரக்கும் ஹார்மோனுக்குச் சிலருடைய மார்புத் தசை அளவுக்கு மிஞ்சி இணங்கி வளர்ந்து விடுகின்றது. சிலருக்குக் கர்ப்பத்திலும், சிலருக்கு உடல் பருமனாலும் இது நேருகின்றது. தாயத்தும் தைலமும் இந்தத் தசையைக் கரைக்காது.

ஆபரேஷன் என்றால் என்ன நடக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லி விடுகின்றோம். மார்பின் வளர்ச்சி நின்ற பிறகு செய்வதே வழக்கம். முன்னதாகப் பரிசோதனைகள் உண்டு. முழு மயக்கம் கொடுத்து, சுமார் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில், மிஞ்சிய தசையையும் கொழுப்பையும் தோலையும் எடுத்து விட்டு, காம்பை இரத்த ஓட்டத்தோடு மேலே தூக்கி வைத்துத் தைப்பார்கள். எடுத்த தசையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஒன்றிரண்டு நாளில் வீடு திரும்பலாம். இரண்டு வாரத்தில் இலேசான வேலை செய்யலாம். குடமோ மூட்டையோ தூக்குவதற்கு ஆறு வாரமாவது போக வேண்டும். தழும்பு நாளாவட்டத்தில் மங்குமே தவிர மறையாது. இரத்தக் கசிவு, சீழ், புண் ஆறத் தாமதம், காம்பில் உணர்ச்சி குறைதல், இரண்டு பக்கமும் சரிசமமாக இல்லாமை ஆகியவை நேரலாம். அபூர்வமாகக் காம்பே கெட்டுப் போவதும் உண்டு. ஆத்தூர் வெற்றிலைக்குப் பேர் போன ஊராதலால் இன்னொன்றும் சொல்லுகின்றோம்: வெற்றிலையோடு புகையிலை போடுகின்றவர்கள் சில வாரங்களுக்கு முன்பே அதை விட்டுவிட வேண்டும். புகையிலையின் விஷம் இரத்தக் குழாயைச் சுருக்கிப் புண்ணை ஆற விடாது. இவ்வளவையும் தெரிந்து செய்து கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வலி நீங்கித் திருப்தியாக இருக்கின்றார்கள் என்பது பல தேசத்து டாக்டர்களும் கண்டது.

“பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாதே” என்று ஒரு கூட்டம் கிளம்பும். சிலருக்கு முடியும், சிலருக்குக் குறையும், சிலருக்கு முடியாது. இதைப் பெண்ணிடம் சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை. முடிவு செய்ய வேண்டியது அந்தப் பெண்ணே. கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசின காலத்தில், மற்றவர்கள் தேசத்தின் தரித்திரத்தைக் காரணமாகச் சொல்ல, பெண்ணின் சுதந்திரத்துக்காகவே அது வேண்டும் என்று சொன்னது நமது இயக்கம். இன்றும் அதையே சொல்லுகின்றோம்.

இனி இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் அழகு சாஸ்திரத்துக்கு வருவோம். கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் மத்திய ஆணையம் 2019-ல் ஒரு வாசகம் வகுத்தது. அழகுக்கான சிகிச்சைக்குப் பணம் இல்லை. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின் உருவத்தைச் சீராக்குவதற்கும், உடலுக்கு நேரான, உடனடியான ஆபத்தை நீக்கும் அவசியமான சிகிச்சைக்கும் உண்டு. அவசியம் என்பதற்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரின் அத்தாட்சி வேண்டும் என்பது அதன் சாரம். கம்பெனிக்காரன் ஒளிந்து கொள்ளும் இடம் அந்த “உடனடி” என்கின்ற வார்த்தைதான். பத்து வருஷமாக வலித்தால் அது உடனடி அல்லவாம்! அமெரிக்காவிலோ, 1991-ல் ஷ்னர் என்கின்ற டாக்டர் உடலின் அளவையும் எடுத்த தசையின் எடையையும் ஒப்பிட்டு ஒரு கணக்கு வெளியிட்டார். அதை வைத்துக் கொண்டு, இத்தனை கிராமுக்கு மேல் எடுத்தால் வியாதி, கீழே எடுத்தால் அழகு என்று கம்பெனிகள் தீர்ப்புச் சொல்லி வந்திருக்கின்றன. துறைமுகத்தில் மீனை நிறுத்துப் பார்ப்பதைப் போலப் பெண்ணின் வேதனையைத் தராசில் நிறுத்துப் பார்க்கின்றார்கள்.

ஆகவே தோழர்கள் கம்பெனியின் இரண்டு வரிப் பதிலோடு திரும்பி விடக் கூடாது. வலிக்கும் புண்ணுக்கும் பார்த்த வைத்தியச் சீட்டுகளை ஒன்று விடாமல் சேர்த்து வையுங்கள். எலும்பு டாக்டர், தோல் டாக்டர் அபிப்பிராயத்தையும், ஆபரேஷன் அவசியம் என்ற அத்தாட்சியையும் எழுத்தில் வாங்குங்கள். ஆபரேஷனுக்கு முன்பே கம்பெனியின் அனுமதியைக் கேளுங்கள். மறுத்தால், எந்த ஷரத்தின்படி என்று எழுதி வாங்கி, கம்பெனியின் குறை கேட்கும் அதிகாரிக்கு மனுச் செய்யுங்கள். ஒரு மாதத்தில் நியாயம் கிடைக்காவிட்டால், ஒரு வருஷத்துக்குள் சென்னையிலுள்ள இன்ஷ்யூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. ஜெயம் நிச்சயம் என்று நாம் ஏமாற்ற மாட்டோம். ஆனால் கேட்காதவனுக்குத் தோல்வி நிச்சயம்.

பாலிசியே இல்லாத ஏழைகளுக்கு, 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரியில் மார்பு சம்பந்தமான இவ்வகைச் சிகிச்சைகளை இலவசமாகச் செய்வதற்கு ஏற்பாடு செய்தார்கள். பணக்காரருக்குக் கிடைப்பது ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று அப்போதைய சுகாதார மந்திரி விஜயபாஸ்கர் கேட்டார். அது நியாயமான கேள்வியே. வரிப்பணம் வீண் என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். கும்பாபிஷேகத்துக்கும் தேர்த் திருவிழாவுக்கும் ஆகும் செலவைக் கண்டு இவர்கள் ஒரு நாளாவது முணுமுணுத்தது உண்டா? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், பட்டியலில் இச்சிகிச்சை எப்படிச் சேரும் என்பதை ஆஸ்பத்திரியிலுள்ள திட்ட அலுவலரிடம் நேரில் கேட்க வேண்டும். இல்லை என்றால், சேர்க்கும்படி சட்டசபை மெம்பரிடம் கேட்க வேண்டும்.

ஆத்தூர்த் தோழருக்கு நாம் சொல்லுவது இதுதான்: பாட்டி முடிந்து வைத்த காசை அவிழ்த்து, தங்கைக்குப் பஸ் கட்டணமாகக் கொடுங்கள். டாக்டரிடம் கூடவே போங்கள். ஆனால் அங்கே பேச வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் தங்கையே. ஆணையமும் அந்த “உடனடி” என்கின்ற வார்த்தையை எடுத்தெறியட்டும். சுமக்கின்றவளுக்குத் தெரியாத பாரம் கம்பெனிக்காரனுக்கும் புராணக்காரனுக்கும் எப்படித் தெரியும் என்று கேட்கின்றோம்.