நதிமூலம் கேளாத நற்செய்தி

நம்மிடையே ஒரு மனிதனைப் பற்றிக் கேட்கப்படும் முதற் கேள்வி, அவன் என்ன கற்றான் என்பதன்று. என்ன செய்தான் என்பதுமன்று. "ஆற்றை பெடியன்?" என்பதே அது. திருமணப் பேச்சாயினும், தோட்டக்காணியைக் குத்தகைக்குக் கொடுப்பதாயினும், தேர்தலில் அபேட்சகரைத் தெரிவதாயினும் இக்கேள்வியே முந்தி நிற்கும். அப்புக்காத்தும் கேட்கின்றார்; கமக்காரரும் கேட்கின்றார். நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்று முதுமொழி வகுத்த இவ்வினம், மனிதமூலத்தை மாத்திரம் மண்வெட்டி கொண்டு அகழ்ந்து பார்ப்பது விந்தையன்றோ?

கிறிஸ்தவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆனால், அவர்கள் இக்கேள்வியைக் கேட்கும்போது தமது வேதத்தின் வாசற்படியையே இடித்துவிடுகின்றனர். புதிய ஏற்பாடு ஒரு வம்ச வரலாற்றுடன் தொடங்குகின்றது. ஆபிரகாம் முதல் இயேசுபிரான் வரை, பதினான்கு பதினான்காக மூன்று பகுதிகளாய்த் தலைமுறைகளை அடுக்கிச் செல்கின்றார் மத்தேயு. சலிப்பூட்டும் பெயர்ப்பட்டியல் என்று பலர் தள்ளிவிடும் பக்கம் அது. உண்மையில் அதுவே ஒரு பிரசங்கம்.

தந்தையர் பெயரே நிரம்பிய அப்பட்டியலில், மரியாளுக்கு முன் நான்கு பெண்கள் இடம்பெறுகின்றனர். முதல்வி தாமார். யூதாவின் மருமகளாகிய இவள், தனக்குரிய நியாயம் மறுக்கப்பட்டபோது முக்காடிட்டு வழியோரம் அமர்ந்து, மாமனாலேயே கருவுற்றவள். அவளை எரிக்கும்படி கட்டளையிட்ட யூதா, தன் முத்திரைக் கோலைக் கண்டபின், தன்னிலும் அவளே நீதியுள்ளவள் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அடுத்தவள் ராகாப்; எரிகோ நகரின் விலைமகள். மூன்றாமவள் ரூத், அறுவடை வயலிலே சிந்திய வாற்கோதுமைக் கதிர்களைப் பொறுக்கி மாமியாருக்குச் சோறிட்ட கைம்பெண். அவளோ மோவாபியள். மோவாபியர் பத்தாந் தலைமுறையிலும் கடவுளின் சபைக்குட் புகலாகாது என்று உபாகமச் சட்டம் விதித்திருந்தது. அத்தகையாளின் கொள்ளுப்பேரனே தாவீது அரசன்!

நான்காமவளின் பெயரை மத்தேயு எழுதவேயில்லை. "உரியாவின் மனைவி" என்று மாத்திரம் குறிக்கின்றார். பிறன் மனைவியைக் கவர்ந்து, அவள் கணவனாகிய போர்வீரனைக் களத்தின் முன்னணியில் நிறுத்திக் கொல்வித்தவன் தாவீது. அந்தக் குற்றத்தை மூடி மறைக்க ஒரு சொல் போதுமாயிருந்தும், அதை வெளிச்சத்தில் நிறுத்தும் சொல்லையே ஆசிரியர் தெரிந்தெடுத்தார். சாராள், ரெபேக்காள் முதலிய பெருமாட்டிகளின் பெயர்கள் அவருக்குத் தெரியாதனவல்ல. குலப்பெருமை பேசிய மக்களிடையே இருந்துகொண்டே இப்பெயர்களை அவர் பொறித்தார். மாசற்ற குலத்தில் வந்தமையால் இவர் மீட்பரல்லர். மாசுள்ள குலங்களை ஏற்க வந்தமையாலேயே மீட்பர் என்பதன்றோ அதன் பொருள்?

நாசரேத்திலிருந்து நன்மை யாதேனும் வரக்கூடுமோ என்று அவரது ஊரையே எள்ளினர். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று வினவியபோது, இரண்டுமல்ல என்று அவர் அறுதியிட்டார். தந்தையர் தின்ற புளிப்புப் பழத்துக்குப் பிள்ளைகளின் பல் கூசும் என்ற பழமொழி இனி வழங்கலாகாது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி முன்னரே உரைத்திருந்தார்.

அங்ஙனமாயின் ஒழுக்கத்துக்கு மதிப்பில்லையோ என்று சிலர் வினவக்கூடும். உண்டு. வரி தண்டிய சகேயுவின் வீட்டுக்கு இயேசு வலியச் சென்றார்; சகேயுவோ, அநியாயமாய்ப் பெற்றதை நான்கு மடங்காய்த் திருப்புவதாக வாக்களித்தான். தன் குற்றத்துக்கு ஒவ்வொருவனும் கணக்குக் கொடுக்கவேண்டும். தகப்பன் குற்றத்துக்கும், பாட்டன் பிறப்புக்கும் கணக்குக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

1816ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். அவர்களும் ஏனைய மிஷன்களும் பள்ளியும் வைத்தியசாலையும் அமைத்துச் செய்த தொண்டு பெரிது. ஆயினும், ஞானஸ்நான நீரினாலும் சாதி கழுவப்படவில்லை. ஆலயத்தினுள்ளேயும் பிறப்புப் பார்த்து இடம் பிரித்த காலம் இருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் கதவைத் திறக்கலாம், உள்ளத்தைத் திறக்கமாட்டாது. இன்றும் கிறிஸ்தவ மணமகனைத் தேடும் விளம்பரத்திலே, வேதத்துக்கு முன்னே சாதியின் பெயர் வந்து நிற்கக் காண்கின்றோம்.

இன்று இக்கேள்விக்குப் புதியதொரு கூர்மையும் ஏறியுள்ளது. 2009இல் யுத்தம் முடிந்தது. தகப்பன் ஆயுதம் ஏந்தினான் என்பதற்காக அஞ்சி ஒதுக்கப்படும் பிள்ளைகள் உளர். தகப்பன் காட்டிக்கொடுத்தான் என்ற பேச்சினால் தலைகுனியும் பிள்ளைகளும் உளர். தாய் தந்தை யாரென்றே அறியாது இல்லங்களில் வளர்ந்தோரும் உளர். இவர்களுக்குப் பெண் கொடுக்கவும், பிணை நிற்கவும், தொழில் கொடுக்கவும் ஊர் தயங்குகின்றது. தந்தை செய்த முடிவுக்கு இக்குழந்தைகளிடம் யார் சம்மதம் கேட்டார்? மொழியாலும் இனத்தாலும் பிறந்த பிறப்புக்காக நாம் தாழ்த்தப்படலாகாது என்று உலகின் முன் முறையிடும் நாம், அதே பிறப்பை வைத்து நம் வீட்டு வாசலில் ஒருவனைத் தடுத்து நிறுத்தினால், நம் முறையீட்டை எவர் மதிப்பர்?

ஆலயம் செல்வோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த மார்கழியில் பாலன் பிறப்பைப் பாடுமுன், மத்தேயுவின் முதற் பக்கத்தை ஒருமுறை நிதானமாய் வாசியுங்கள். பின்னர், உங்கள் மகளுக்கு வரன் பேச வந்தவனிடம், தாமாரும் ராகாபும் யார் வீட்டுப் பெண்கள் என்று கேட்காத கடவுளின் பெயரால், அவன் யாருடைய பிள்ளை என்று கேட்பதை விடுத்து, அவன் எத்தகைய மனிதன் என்று கேளுங்கள். அன்றுதான் அப்பாட்டு மெய்யாகும்.