செத்த காலேஜும் உயிர் காலேஜும்



பழைய சென்னைக்காரர்களிடம் எழும்பூர் மியூசியத்துக்கு வழி கேட்டால், "செத்த காலேஜா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பாடம் செய்த மிருகங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் இடம் செத்த காலேஜ். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். பட்டணம் பார்க்க வந்தவர்கள் இரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டார்கள்.

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதுதான் வேடிக்கை. 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கு முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். வெறும் கல்லையும் எலும்பையும் பார்க்க ஜனம் வராது என்று கண்டுகொண்ட மனிதர். உயிருள்ள சில விலங்குகளைக் கொண்டுவந்து வைத்ததும் கூட்டம் கூடியது. 1855-இல் அந்த வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை உருவாகி, பிறகு சென்ட்ரல் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. 1985-இல் அது வண்டலூருக்கும் போய்விட்டது. அமராவதிச் சிற்பங்களும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் எழும்பூரிலேயே இருக்கிறார்கள்.

புலியைத் தேடிப் போன ஜனங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. புலியை யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்லுக்கு ஒரு ஆள் வேண்டும்.

சென்ற வருடம் அம்மாவை ஒரு மாவட்டத் தலைநகருக்கு அழைத்துப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை மியூசியத்துக்குப் போனால் கேட் பூட்டியிருந்தது. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளி விடுமுறை என்பது இத்தனை வருடம் பத்திரிகையில் இருந்தும் எனக்கு நினைவில் நிற்பதில்லை. மறுநாள் போனோம், அது இரண்டாம் சனிக்கிழமை! அதற்கும் விடுமுறை. இரண்டு நாளும் கேட்டில் ஒரு தாள்கூட ஒட்டியிருக்கவில்லை. விடுமுறைப் பலகை உள்ளே, சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே இருந்ததை ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன்.

உள்ளே ஒரு நடுகல். கீழே, முழங்கால் உயரத்தில், 'நடுகல், கி.பி. 9-ஆம் நூற்றாண்டு' என்று ஓர் அட்டை. அம்மாவுக்குக் குனிய முடியாது. உட்காரவும் ஒன்றும் இல்லை. தொடுதிரை ஒன்று இருந்தது. தொட்டோம், அது கண்டுகொள்ளவில்லை. காவலர்தான் தன் ஸ்டூலைத் துண்டால் தட்டி அம்மாவிடம் நகர்த்தினார். அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை.

"மாட்டைக் கவர்ந்துட்டுப் போனவங்ககிட்ட இருந்து மீட்கப் போய் செத்தவன்மா. ஒடம்புல அம்பு பாஞ்சிருக்கு பாருங்க. மேல ரெண்டு பொம்பளைங்க சாமரம் வீசி சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க ஊர்ல ஏரிக்கரையில இதே மாதிரி இருக்கே. வேடியப்பன்னு பொங்கல் வைப்போம்" என்றார். காவலர் எங்களைக் காப்பாட்சியர் அறைக்கே கூட்டிப் போய்விட்டார். ஊர், ஏரி, கல் நிற்கும் பக்கம் எல்லாவற்றையும் காப்பாட்சியர் கேட்டு எழுதிக்கொண்டார். பார்க்கப் போனவர் தகவல் கொடுத்துவிட்டு வந்தார்! ஸ்டூல் கிடைத்திருக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்திருப்போம்.

புதுக் கூடத்துக்கும் விளக்குக்கும் பணம் ஒதுக்குகிறார்கள், வேண்டியதுதான். நாற்காலி, குடிதண்ணீர், சுத்தமான கழிவறை, கண் மட்டத்தில் பெரிய எழுத்து, சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம்: இவற்றையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் காவலரின் வேலையில் பேசுவதும் ஒரு பகுதி என்று எழுதிவைத்தால் இன்னும் நல்லது. இப்போது அவராகப் பேசினால்தான் உண்டு.

கோடை விடுமுறை வந்துவிட்டது. மே 18 உலக அருங்காட்சியக நாள். புதுக்கோட்டையில் சமஸ்தானக் காலத்திலேயே, 1910-இல் மியூசியம் வந்துவிட்டது. இன்று பல மாவட்டங்களில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்தான் போவதில்லை. பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் ஒருமுறை போய்வந்து எங்களுக்கு எழுதுங்கள். உட்கார இடம் இருந்ததா, யாராவது பேசினார்களா என்று மட்டும் எழுதினாலும் போதும். வரும் கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள். இரண்டாம் சனிக்கிழமையும்.

அன்புடன்,
ஆசிரியர்