ஐந்து நாள் வைத்தியம் யாருக்கு?

"கிராமத்துப் பெண்களுக்கு உடம்பின் மேல் அக்கறையே கிடையாது. மார்பில் ஆபரேஷன் ஆனதும், கதிர் வைத்தியத்தைப் பாதியில் விட்டு ஊருக்கு ஓடிவிடுகிறார்கள்!"

இப்படி அங்கலாய்க்கும் கனவான்களை ஒன்று கேட்கிறோம். நடவு நாளில் மூன்று வாரம் கூலியில்லாமல் தஞ்சாவூரில் கிடக்கும் பெண்ணின் அடுப்பில் உலை வைப்பது யார்? நீங்களா?

தோழர்களே! மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தால் மார்பு முழுவதையும் வெட்டி எடுப்பதே வழி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்ட் ஃபிஷர் குழுவினர் 1976-ல் தொடங்கிய பரிசோதனை அந்த எண்ணத்தை மாற்றிற்று. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று கண்டார்கள். ஆனால் கதிர் பெறாதவர்களில் 20 ஆண்டுக்குள் 100-க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர் பெற்றவர்களில் 14 பேருக்கு. களை பறித்த பின்னும் மண்ணுக்குள் கோரைக்கிழங்கு கிடக்கிறதல்லவா? கத்திக்குத் தப்பிக் கிடப்பதைக் கதிர் அழிக்கிறது. ஆகவே பாதியில் விடுவது ஆபத்து என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

எத்தனை நாள் கதிர் என்பதுதான் கேள்வி. பழைய கணக்கு 5 வாரத்தில் 25 நாள், 50 கிரே. (கிரே என்பது கதிரை அளக்கும் மரக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பிறகு 3 வாரத்தில் 15 நாள், 40 கிரே போதும் என்று இங்கிலாந்தில் கண்டார்கள். அதே நாட்டில் 4,096 பேரை வைத்து நடந்த இன்னொரு பரிசோதனையின் முடிவு 2020-ல் வெளிவந்தது. ஒரே வாரத்தில் 5 நாள், 26 கிரே. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால், 15 நாள் வைத்தியத்துக்கு அது சளைக்கவில்லை!

இதற்கும் மேலே போனவர்கள் உண்டு. இந்தியாவிலிருந்து லண்டன் சென்ற டாக்டர் ஜயந்த் வைத்யாவும் அவருடைய சகாக்களும் 1998-ல் ஆபரேஷன் மேஜையிலேயே கதிர் கொடுத்தார்கள். கட்டி எடுத்த குழிக்குள் உருண்டைத் தலைக் கருவியை வைத்து, அரைமணி நேரம் போல, குறிவைத்த இடத்துக்கு மட்டும். 2020-ல் வந்த கணக்குப்படி, ஐந்தாண்டில் கட்டி திரும்பியது இந்த முறையில் 100-க்கு 2 பேருக்கு. வழக்கமான கதிரில் ஒருவருக்கு. சிலருக்குப் பின்னால் வெளிக்கதிரும் தேவைப்பட்டது. டாக்டர்களுக்குள் இதுபற்றி வாதம் ஓயவில்லை.

நாளைக்கே ஒரு மந்திரி இந்தக் கருவியை வாங்கி ரிப்பன் வெட்டலாம். நாம் மயங்கக் கூடாது. சிறு கட்டியாக, ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்ட பெண்ணுக்கே அது பொருந்தும். நம் பெண்களோ கட்டி முற்றிய பிறகே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள். தெருவுக்கு வந்து பரிசோதிக்கும் நர்சு முதலில் வேண்டும். அடுத்தது, அந்த 5 நாள்.

ஏன் என்கிறீர்களா? கூலிக் கணக்கைப் பாருங்கள். 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குச் சர்க்கார் நிர்ணயித்த தினக்கூலி 319 ரூபாய். அதையே படிக்கல்லாக வைப்போம். துணைக்கு ஓர் ஆள் வேண்டும்; இரண்டு பேர் கூலி போகிறது. 25 நாளுக்கு 15,950 ரூபாய். 15 நாளுக்கு 9,570. 5 நாளுக்கு 3,190. பஸ் சார்ஜும் சோறும் தனி. அறுப்பை யந்திரம் விழுங்கிவிட்டது. பெண்ணுக்கு மிஞ்சியது நடவும் களையும். குறுவை நடவில் மூன்று வாரம் போனால் அந்த வரும்படி போயிற்று. வேதாரண்யத்திலிருந்து தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். மார்பில் புண்ணோடு தினம் போய்வர அவள் என்ன இரும்பா?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறதே என்பார்கள். தருகிறது, ஆஸ்பத்திரிக்கு! இழந்த கூலிக்கு ஒரு காசு கிடையாது.

மில் தோழர்களுக்குத் தெரியும்: 1948 சட்டப்படி வந்த ஈ.எஸ்.ஐ.யில், தகுதியுள்ள தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால் இரண்டாண்டு வரை கூலியில் 100-க்கு 80 கிடைக்கும். வயலில் குனிந்து நாற்று நடும் அவருடைய அக்காளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது! நோய் ஒன்று, சட்டம் மட்டும் வேறா?

ஐந்து நாள் வைத்தியத்தால் சர்க்காருக்கும் நஷ்டமில்லை. ஒரு பெண்ணை 25 தடவை படுக்க வைக்கும் யந்திரத்தில் ஐந்து பெண்களுக்கு வைத்தியம் முடியும். அக்குள் நெறிக்கும் கதிர் வேண்டியவர்களுக்கு டாக்டர் வேறு கணக்குச் சொல்லலாம், சொல்லட்டும். பொருந்துகிறவர்களுக்கு 5 நாள் என்பது எல்லாச் சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் எழுத்து மூலமான விதியாக வேண்டும். நோயாளியும் துணையாளும் தங்க ஆஸ்பத்திரி அருகிலேயே இடமும் சாப்பாடும் வேண்டும். வைத்திய நாளுக்கெல்லாம் இருவருக்கும் கூலி வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் மில் தோழர்களே, அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து கலெக்டரிடம் மனுக் கொடுங்கள். குறுவை நடவுக்கு முன்னால் கொடுங்கள்.